பெரியவருக்கு நேர்ந்துவிட்ட சேவல்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன கிழமை எனக்குப் போன் எடுத்து மூன்று கேள்வி கேட்டார். நமது மிருகக்காட்சிசாலையில் ஏன் இத்தனை சேவல்கள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன? அவற்றை யார் கொண்டு வந்தார்கள்? அவற்றில் ஒன்றைப் பிடித்துக் கறி வைத்தால் என்ன? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாவது கேள்வியை மட்டும் வாசல் காவலாளி பொன்னுத்துரையின் காதில் விழும்படி கேட்டுவிட வேண்டாம். மனிதருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வெல்லாவெளிக்காரி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு, இந்த வாவிக்கரை மிருகக்காட்சிசாலையில் சேர்ந்து, இங்கேயே ஓய்வு பெற்றவள். மான், மயில், குரங்கு, மலைப்பாம்பு என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்திருக்கிறேன். ஆனாலும் சந்தையில் மரக்கறி வாங்கப் போனால் "முதலை மிஸ் வாறா, வழி விடுங்க" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரும் இந்தச் சேவல்களும் ஒரே வருசத்தில் வந்தவை.

மாரி ஓய்ந்த நேரம். பழுகாமத்துக்கு இந்தப் பக்கம் வாவியோரம் ஒரு சின்ன மீனவர் துறை இருக்கிறது. அங்கே ஒரு முதலை வலையில் சிக்கிவிட்டது. பெரிய உவர்நீர் முதலை. எப்போதோ அறுந்துபோன பழைய வலை நூல் ஒன்று அதன் பின்னங்காலில் இறுகி, சதையை வெட்டி, சீழ் வைத்திருந்தது. நொண்டியபடி கரையோரமாகவே திரிந்து நாய்களையும், பாக்கியம் என்ற பெண்ணின் கறவை ஆட்டையும் தின்றிருந்தது. இப்போது பாக்கியத்தின் புருசனின் வலையையும் கிழித்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்வெட்டி, கோடரி, உலக்கை என்று வீட்டில் இருந்த இரும்பெல்லாம் கரைக்கு வந்திருந்தது. உலக்கை பாக்கியத்தின் கையில் இருந்தது.

எங்கள் பழைய பொறுப்பதிகாரியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பேர் சொல்லமாட்டேன். சொன்னால் கோபப்படுவார், கோபம் வந்தால் இப்போதும் போன் எடுத்துப் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அவருடைய காற்சட்டைப் பையில் எந்நேரமும் வறுத்த கச்சான் கடலை இருக்கும். எவ்வளவு பெரிய சிக்கல் வந்தாலும் முதலில் ஒரு கச்சானை உடைத்து வாயில் போடுவார். அன்றும் அப்படித்தான். கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒரு கச்சானை உடைத்தார். பிறகு இன்னொன்றை உடைத்து, உலக்கையோடு நின்ற பாக்கியத்திடம் நீட்டினார். அவள் திகைத்துப் போய் வாங்கிக்கொண்டாள். கச்சானை வாங்கிய கையில் உலக்கை நிற்காதே. கீழே வைத்தாள்.

"இதை அடிச்சுச் சாக்காட்டினா இண்டைக்கு மனசு ஆறும்," என்றார் அவர். "நாளைக்கு இன்னொண்டு வரும். எங்களிட்டத் தாங்க. கால் ஆறினதும் ஆள் நடமாட்டம் இல்லாத கண்டல் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விடுவம். உங்கட துறையில குளிக்கிற இடத்தைச் சுத்தி முதலை வராம வேலி அடிச்சுத் தருவம். அதுக்கு மறுகா எது பிடிபட்டாலும் நீங்க அடிக்காம எங்களுக்குச் சொல்லவேணும். சரியா?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பாக்கியத்தைப் பார்த்தார்கள். ஆடு அவளுடையது, வலையும் அவள் வீட்டுடையது.

"என்ட ஆட்டுக்கு ஆர் பதில் சொல்லுற?" என்றாள் அவள்.

"அதையே கேளுங்க," என்று முதலையைக் காட்டினார் பொறுப்பதிகாரி.

வாயைக் கட்டி, லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, மேலே ஈரச் சாக்குப் போர்த்திக் கொண்டுவந்தோம். அந்தத் துறையில் முதலையை முதலை என்று சொல்லமாட்டார்கள். பெரியவர் என்பார்கள். ஆகவே பெரியவர் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

பெரியவரின் காலை ஆற்றியதைப் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பயிற்சியில் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. ஒரு முதலையைக் காப்பாற்றுவது சுலபம். அதைக் காப்பாற்றிய சந்தோசத்தில் இருக்கும் சனத்திடமிருந்து திரும்பவும் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துறைச் சனம் தங்கள் பெரியவரைப் பார்க்க வரத் தொடங்கியது. சிறையில் இருக்கும் சொந்தக்காரனைப் பார்க்கப் போகிற மாதிரி நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வருவார்கள். முன்வரிசையில் பாக்கியம் நிற்பாள். அவளுடைய ஒரே மகளுக்கு அப்போது நிறைமாதம். ஏற்கெனவே ஒன்று வயிற்றிலேயே தங்காமல் போயிருந்தது. ஒரு நாள் நான் பக்கத்தில் நிற்பது தெரியாமல் பாக்கியம் வேலியில் குனிந்து பெரியவரோடு கணக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ட ஆட்டையும் திண்டுட்டாய். எங்கட வலையையும் கிழிச்சிட்டாய். இவ்வளவுக்கும் உன்னக் கொல்ல விடாம உலக்கையக் கீழ வச்சவள் நான்தான். அந்தக் கடனுக்கு என்ட பிள்ளைக்குச் சுகமா ஒரு பிள்ளையக் குடு. தந்தாயெண்டா உனக்கு ஒரு சேவல்."

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். முதலைகள் எல்லாம் அதைச் செய்யும். ஆனால் பாக்கியம் அதை "ஓம், தாறன்" என்று எடுத்துக்கொண்டாள்.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. பெண்பிள்ளை. அடுத்த ஞாயிறு பாக்கியத்தின் கையில் ஒரு பொலித்தீன் சொப்பிங் பேக் இருந்தது. பை அசைந்தது. நான் ஓடிப் போவதற்குள் சேவல் வேலிக்கு மேலால் பறந்துவிட்டது. பெரியவர் ஒரு நொடியில் காரியத்தை முடித்துக்கொண்டார். சுற்றி நின்ற பெண்கள் குரவை போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். கட்டார் விசா வந்தவர், காணாமல் போன பசு கிடைத்தவர், சோதனை பாசானவர், கலியாணம் பொருந்தியவர் எல்லோருக்கும் பெரியவர்தான் காரணம். வருகிற பை எல்லாம் அசைந்தது. "விலங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம்" என்ற பலகைக்கு நேர் கீழே நின்று கொடுத்தார்கள். நான் பலகையைக் காட்டினால், "அது சாப்பாட்டுக்குத்தானே மிஸ் எழுதியிரிக்கு? இது நேர்த்திக்கடன்," என்றார்கள். பொன்னுத்துரையிடம் வாசலிலேயே பைகளைச் சோதிக்கச் சொன்னேன். சோதித்தார். சோதித்துவிட்டு உள்ளே விட்டார். கேட்டால், "நேந்ததத் தடுத்தா என்ட தலையில விழும் மிஸ்," என்று கையைப் பிசைந்தார். அவருடைய மச்சானுக்கும் ஒரு நேர்த்தி பாக்கி இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஏறாவூரில் இருந்து ஒரு ஹாஜியார் வருவார். பலசரக்குக் கடைக்காரர், நல்ல மனிதர். அவருக்கு நேர்த்தியிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "வாயில்லாச் சீவனுக்குக் குடுக்கிறது ஸதக்கா மிஸ், தருமம்," என்று சொல்லி மாட்டிறைச்சித் துண்டுகளைப் பையில் கொண்டுவந்து போடுவார். ஆக, வேறு வேறு காரணம், ஒரே வாய்.

இதில் என்ன கெடுதி என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு நாள் காலையில் நான் வேலியோரம் நின்று, சாப்பிடக் கடையில் வாங்கிய பாண் ரொட்டியைச் சொப்பிங் பேக்கிலிருந்து எடுத்தேன். பை சரசரத்தது. குளத்தின் மறுகரையில் கிடந்த பெரியவர் தண்ணீருக்குள் இறங்கி நேராக என்னிடம் வந்தார். அவசரப்படவில்லை. பழகிய வீட்டுக்கு வருகிறவரைப் போல வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் கையிலிருந்த பாண் கீழே விழுந்துவிட்டது.

துறையில் எவர் கையில் சொப்பிங் பேக் இல்லை, சொல்லுங்கள் பார்ப்போம். இரை கொண்டுபோவது அதில். சோற்றுப் பார்சல் அதில். குளிக்கப் போகும் பெண்கள் சவர்க்காரமும் மாற்றுடுப்பும் கொண்டுபோவது அதில். இந்த முதலையை வாவியில் விட்டால், எந்தப் பை சரசரத்தாலும் அந்தக் கைக்கு நேராக வரும். விடாமல் வைத்திருந்தால் நாங்கள் சொன்ன சொல் பொய்யாகும். அடுத்த முதலை சிக்கும்போது எங்களுக்கு ஒருவரும் சொல்லமாட்டார்கள், உலக்கையையும் கீழே வைக்கமாட்டார்கள். வனஜீவராசி அதிகாரியோ தெளிவாகச் சொல்லியிருந்தார். விடுவதற்கு முன் அவர் வந்து பார்ப்பார். ஆளைக் கண்டால் விலகிப் போகிற முதலைக்கு வாவி. ஆளிடம் வருகிற முதலைக்கு ஆயுளுக்கும் சீமெந்துத் தொட்டி.

நான் பொறுப்பதிகாரியிடம் ஓடினேன். அவர் கச்சானை உடைத்தார். "சாப்பிடப் பழக்கினது பை," என்றார். "ஓடப் பழக்கிறதும் பையாத்தான் இருக்கவேணும்."

குளத்தைச் சுற்றித் தென்னோலைக் கிடுகால் வேலி அடைத்தோம். வெளியே இருந்து உள்ளே ஒன்றும் தெரியாது, உள்ளே இருந்து வெளியேயும் தெரியாது. கிடுகுக்குப் பின்னால் நின்று நாங்கள் பையைச் சரசரப்போம். பெரியவர் ஆவலோடு வருவார். வந்ததும் பொன்னுத்துரை தகரத்தைப் போட்டு அடிப்பார், இன்னொருவர் குழாய்த் தண்ணீரை முகத்துக்கு நேரே பீச்சுவார். மீன் கொடுப்பது வேறு நேரம், வேறு மூலையில், சத்தமே இல்லாமல். திட்டம் இவ்வளவுதான். பொன்னுத்துரை தகரத்தை ஊரே அதிரும்படி அடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மெதுவாக, "குறை நினைக்கப்படாது பெரியவர், மிஸ்தான் அடிக்கச் சொன்ன," என்று காட்டிக் கொடுப்பார்.

வேலை ஒழுங்காக நடக்கவேண்டும் என்றால் சனம் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் ஒரு பட்டாளத்தோடு வந்து கிடுகு வேலிக்கு முன்னால் நின்றாள். எல்லோர் கையிலும் பை.

"என்ன மிஸ் இது? பெரியவர் எங்க?"

நான் பலகையைக் காட்டிப் பார்த்தவள், சட்டத்தைச் சொல்லிப் பார்த்தவள், கெஞ்சியும் பார்த்தவள். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"கதவு சாத்தியாச்சு."

நீங்கள் வேறு ஊர்க்காரராக இருந்தால் இது உங்களுக்கு விளங்காது. எங்கள் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில்கள் வருசத்தில் சில நாள்தான் திறக்கும். வைகாசியில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்ததும் கதவு சாத்திவிடுவார்கள். பிறகு அடுத்த வைகாசி வரை ஒருவரும் தட்டமாட்டார்கள், எட்டிப் பார்க்கமாட்டார்கள், ஏன் என்றும் கேட்கமாட்டார்கள். பாக்கியம் சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். சீலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஐயோ, தெரியாமப் போச்சு மிஸ். நாங்க போயிற்று வாறம்."

பட்டாளம் சேவல்களோடு திரும்பிப் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை மாதம் முடியாத காரியம் இரண்டு சொல்லில் முடிந்தது. அன்று பின்னேரம் பொறுப்பதிகாரியிடம் பெருமையடித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கதவு சாத்தினா ஒரு நாளைக்குத் திறக்கவும் வேணும். யோசிச்சியா?" என்றார். அந்த ஆளுக்கு என் கெட்டித்தனம் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை வந்த ஹாஜியாரிடம் இந்தக் கதவு வேலை செய்யாது. அவருக்குச் சாத்தின கதவும் திறந்த கதவும் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பாணை எடுத்தபோது நடந்தது, வாவியில் விட்டால் நடக்கப்போவது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"நன்மை செய்யிறன் எண்டு நினைச்சு என்ன வேலையப் பாத்திரிக்கன். அப்ப இனி நான் என்ன செய்யணும், செல்லுங்க மிஸ்."

அடுத்த முறை அவர் ஒரு கட்டுச் சொப்பிங் பேக் கொண்டுவந்தார். மெல்லியது, தடித்தது, கைபிடி வைத்தது, மீன் கடைக்காரர் கொடுக்கிற கறுப்பு என்று விதம் விதமாக இருந்தன. "ஒரு பைக்கு மட்டும் ஓடப் பழக்கினாக் காணாது. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சத்தம்," என்று எனக்கே பாடம் எடுத்தார். கிடுகுக்குப் பின்னால் நின்று தன் கையாலேயே சரசரத்தார். பொலித்தீன் வாவியைக் கெடுக்கிறது என்று பாடசாலை பாடசாலையாகக் கூட்டம் வைத்தவள் நான். அந்த நாட்களில் என் மேசை முழுக்கப் பொலித்தீன் பை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவர் மாறினார். முதலில் பாதித் தூரம் வந்து நின்றார். பிறகு தலையை மட்டும் திருப்பினார். பிறகு பை சரசரத்தாலே கிறுகித் திரும்பி மறுகரைக்குப் போகத் தொடங்கினார். நான் வனஜீவராசி அதிகாரிக்கு அறிவித்தேன். அவரும் வருகிற நாளைச் சொன்னார். கிடுகு வேலியைப் பிரித்து, அவர் கண்முன்னே சோதித்துப் பார்த்து, சரி என்றால் அன்றைக்கே வாவிக்கு.

நான் பொன்னுத்துரையை மறந்துவிட்டேன். வாசலில் நின்று "கதவு எப்ப திறக்கிற அண்ணன்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் மனிதர் கடமை தவறாமல் நாளைச் சொல்லியிருக்கிறார்.

அன்று காலை நான் வேலைக்கு வந்தபோது வாசலில் திருவிழா. துறையே வந்திருந்தது. மாதக்கணக்காகச் சேர்ந்த நேர்த்தி எல்லாம் கோழிக் கூடைகளிலும் பைகளிலும் கொக்கரித்தது. பெண்கள் குளிர்த்திக்குப் போகிற மாதிரி வேப்பிலையும் தண்ணீர்க் குடமுமாக நின்றார்கள். ஒருவர் உடுக்கை கொண்டுவந்திருந்தார். முன்னால் பாக்கியம், இடுப்பில் பேத்தி, கையில் சொப்பிங் பேக். கூட்டம் என்று கேள்விப்பட்டு ஹாஜியாரும் வந்திருந்தார், கையில் ஒன்றும் இல்லாமல். வனஜீவராசி அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கி இந்தக் காட்சியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ், இதென்ன சோதனையா, சடங்கா?"

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. அதிகாரி கேட்டது அமைதியான ஒரு சோதனை. தூரத்தில் ஒரே ஒரு ஆள் ஒரு பையோடு நிற்கவேண்டும். இந்தக் கூட்டத்தை உள்ளே விட்டால், பெரியவருக்குப் பழைய ருசி திரும்பி, ஒரே ஒரு முறை இவர்களை நோக்கி வந்தாலும் போதும். எல்லாம் போயிற்று. விடாமல் திருப்பி அனுப்பினால் கதவு சாத்தியிருக்கிறது என்று சொன்னவளே திறக்கிற நாளில் ஏமாற்றிவிட்டாள் என்பார்கள். பிறகு அந்தத் துறையில் எங்கள் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இருக்காது.

பொறுப்பதிகாரியைப் பார்த்தேன். கச்சான் உடைபட்டது. "உன்ட கதவு," என்றார். "நீயே திற."

அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நாளைக்கு வாவிக்கரையில் பெரியவருக்கு முன்னால் நிற்கப்போவது இந்த அதிகாரி இல்லை. இந்தச் சனம்தான் நிற்கப்போகிறது, இதே பைகளோடு, இதே இரைச்சலோடு. இவர்களைக் கண்டு விலகாத முதலை, தனியாக நிற்கிற ஒருவரைக் கண்டு விலகி என்ன பிரயோசனம்?

"ஐயா, எல்லாரும் உள்ள வரட்டும்," என்றேன் அதிகாரியிடம். "இதைவிடப் பெரிய சோதனை நீங்க வைக்க ஏலாது."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு சரி என்று கையைக் காட்டினார்.

கிடுகைப் பிரிப்பதற்கு முன் பாக்கியத்தைத் தனியே கூட்டிக்கொண்டு போனேன். ஹாஜியாரிடம் சொன்ன உண்மையை இவளிடம் சொல்லாமல் ஒரு கெட்டித்தனத்தால் தள்ளி வைத்திருந்தேன். அதைச் சொல்லவேண்டிய நேரம் அதுதான்.

"பாக்கியம் அக்கா, இவர் இண்டைக்குப் பையின்ட சத்தத்தைக் கேட்டு உங்களிட்ட வந்தார் எண்டா, பிறகு வாவிக்குப் போக ஏலாது. இஞ்சயே சீமெந்துக்குள்ள கிடந்து சாகவேண்டியதுதான். விட்டாலும் உங்கட துறைக்குத்தான் வருவார். உங்கட மகள் குளிக்கப் போகேக்க கையில என்ன இரிக்கும்?"

அவள் தன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"அப்ப அவர் எங்கள மறந்திரணுமா மிஸ்?"

"பயந்தாப் போதும்."

கிடுகு பிரிந்தது. மறுகரையில் பெரியவர் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தார். பாக்கியம் எல்லோருக்கும் முன்னால் போய் வேலியோரம் நின்றாள். சேவலைக் கூடையில் விட்டுவிட்டு, வெறும் பையைத் தலைக்கு மேலே தூக்கிச் சரசரவென்று ஆட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆட்டினார்கள். உடுக்கை ஒலித்தது. குரவை எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது பெரியவர் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். தலை எங்கள் பக்கம் திரும்பியது. பாக்கியத்தை நேராகப் பார்த்தது. ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு வாலால் தண்ணீரை ஒரு அடி அடித்துக் கிறுகி, குளத்தின் தூரத்து மூலைக்குப் போய் அடியில் மறைந்தார். பிறகு கூப்பிட்டாலும் வரவில்லை, குரவைக்கும் வரவில்லை.

அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ஏற்றுங்க," என்றார்.

எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். பொன்னுத்துரை தகரத்தைத் தேடி ஓடினார், சந்தோசத்துக்கு அடிக்க. துறைச் சனம் மட்டும் வாடிப்போய் நின்றது. ஒருவர், "பெரியவர் ஏற்கேல்ல," என்றார். இன்னொருவர், "ஏதோ குத்தம் நடந்திருக்கு," என்றார். எல்லோரும் என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். பாக்கியம் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"குத்தம் ஒண்டும் இல்ல," என்றாள் சத்தமாக. "என்ட ஆட்டுக் கடன் தீந்திட்டுது. இனி அவருக்கு எங்களிட்ட ஒரு அலுவலும் இல்ல, எங்களுக்கும் அவரிட்ட ஒண்டும் இல்ல. இனி ஆராவது அவருக்கு ஒரு கோழிக்கால் போட்டீங்களெண்டா நான் உலக்கையோட வருவன்."

அந்த உலக்கையை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

பெரியவரை அன்று பின்னேரம் கண்டல் காட்டுப் பக்கம் விட்டோம். கயிறு அவிழ்ந்ததும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் நொந்தது. பாக்கியத்துக்கு எவ்வளவு நொந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

மிஞ்சியது சேவல்கள். நேர்ந்த உயிரைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக ஒண்ணாது. அறுக்கவும் ஒண்ணாது. பெரியவருக்கும் கொடுக்கக்கூடாது. கூடைகளைத் திறந்து எங்கள் வளவுக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். ஹாஜியார் அத்தனை சேவலையும் ஒருமுறை பெருமூச்சோடு பார்த்தார். பிறகு, "இவைக்குத் தீனி நான் தாறன் மிஸ், என்ட ஸதக்கா எங்கயாவது போகணுமே," என்றார். இன்றுவரை அவர் கடையிலிருந்துதான் தீனி வருகிறது. உங்களை விடியற்காலையில் எழுப்புவது அந்தச் சேவல்களின் வாரிசுகள். வாரிசு எப்படி வந்தது என்றால், கூட்டத்தில் யாரோ பேட்டுக் கோழிகளையும் நேர்ந்திருந்தார்கள். அவற்றில் எதையும் பொன்னுத்துரை கறி வைக்க விடமாட்டார் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

எங்கள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. குளிக்கிற இடத்துக்குத் தடித்த மரக் கம்புகளால் வேலி அடித்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்தத் துறையில் சிக்கிய ஒரு முதலையையும் அவர்கள் அடிக்கவில்லை. எங்களுக்குப் போன் எடுப்பார்கள். எடுப்பது பாக்கியம்தான், எடுத்தவுடன் திட்டுவாள், பிறகுதான் விசயம் சொல்வாள்.

உங்களில் சிலர் இதைப் படித்துவிட்டு, சனத்திடம் தந்திரம் செய்யாமல் முதலிலேயே உண்மையைச் சொல்லவேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்வீர்கள். நல்லது. இன்னும் சிலர், "கதவு சாத்தியாச்சு" நல்ல தந்திரம், எங்காவது உதவும் என்று மனதுக்குள் வைத்துக்கொள்வீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். திறக்கிற நாளை மட்டும் பொன்னுத்துரையிடம் சொல்லாதீர்கள்.

போன மாதம் அந்தத் துறைப் பக்கம் போயிருந்தேன். பாக்கியத்தின் மகள் குளிக்க வந்தாள். கம்பு வேலிக்குள் இறங்குவதற்கு முன், வேலிக் கம்பில் முடிந்து வைத்திருந்த ஒரு பழைய சொப்பிங் பேக்கை அவிழ்த்து, தண்ணீரைப் பார்த்துச் சரசரவென்று ஆட்டினாள். பிறகு கவனமாக மடித்துத் திரும்பவும் கம்பில் முடிந்தாள். அந்தத் துறை முழுக்க வேறு ஒரு பொலித்தீன் பையையும் நான் காணவில்லை. எல்லோர் கையிலும் புல்லால் இழைத்த பன்பை.

"அதுதான் வேலி இரிக்கே பிள்ள," என்றேன். "மற்ற முதலைகளுக்கு இந்தப் பையத் தெரியாது. பையை நம்பி ஒருக்காலும் வெளிய இறங்கப்படாது. பிறகு இது என்னத்துக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். படித்தவளுக்கு இதுகூட விளங்கவில்லையே என்ற பார்வை.

"வேலி எங்களுக்கு மிஸ். பை அவருக்கு. நாங்க இறங்கிறம் எண்டு சொல்லிப்போட்டுத்தானே இறங்கணும்? இது அவர்டயும் வாவிதானே."

பொறுப்பதிகாரி பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு கச்சானை உடைத்திருப்பார். அவள் குளித்துவிட்டுப் போகும்வரை கரையில் காத்திருந்தேன். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை என்று நிச்சயமானதும் கம்பில் இருந்த பையை அவிழ்த்து, நானும் ஒருமுறை ஆட்டிவிட்டுத்தான் காலை நனைத்தேன்.